வகாபாவுக்கு இலை

பதினெட்டு வருஷம் நான் மிருகக்காட்சிசாலையில் இலை வண்டி ஓட்டினேன். யானைக்குப் புல் ஏற்றுவதற்கும் குரங்குக்குப் பழம் ஏற்றுவதற்கும் வேறு வண்டிகள் இருந்தன. என் வண்டி கோவாலாவுக்கு மட்டும். விடிந்ததும் மலைச்சரிவில் இருந்த தைல மரத் தோட்டத்துக்குப் போய், ஈரத்துணி சுற்றிய கிளைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, சூடு ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் என்னை 'கீரைக்காரர்' என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

ஜப்பானில், கியூஷூ தீவின் தென்கோடியில், ஓர் எரிமலைக்கு எதிரே எங்கள் ஊர். கோவாலாக்கள் அங்கே வந்தது எண்பதுகளின் நடுவில், ஓர் அக்டோபர் மாதம். ஆனால் கதை அதற்கு மூன்று வருஷம் முந்தியே தொடங்கிவிட்டது. முதலில் மரம் வளர்த்துக் காட்டுங்கள், பிறகு மிருகம் தருகிறோம் என்று ஆஸ்திரேலியாக்காரர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். கோவாலா தைல மர இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. அதிலும் எல்லா இலையையும் தின்னாது.

விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தில் அதிகாரி ஒருவர் வந்து, யார் இந்த மரத்தை நடுவீர்கள் என்று கேட்டார். அறையில் நாற்பது பேர் இருந்தோம். அப்போது நானும் கொஞ்சம் நிலம் வைத்திருந்தேன். பூக்காத, காய்க்காத, மனுஷன் வாயில் வைக்க முடியாத மரத்துக்கு யார் நிலத்தை விடுவார்கள்? பின்வரிசையில் இருந்து ஒரு கை மட்டும் எழுந்தது. கிமோட்சுகி சனாயே. நாற்பது வயதுப் பெண். புருஷன் மசாவோவோடு சேர்ந்து ஆரஞ்சுத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மசாவோ அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்த கையைப் பார்த்துவிட்டு அவர் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஏன் கை தூக்கினீர்கள் என்று பிறகொரு நாள் கேட்டேன். சனாயே சொன்னார்: "நம்ம மலை சாம்பல் துப்பினா ஆரஞ்சுத் தோல்ல கறை விழுது. கறை விழுந்த பழத்தை எவனும் வாங்க மாட்டேங்கறான். இலைன்னா கழுவிக் குடுத்துடலாம்ல."

மாமனார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த ஆரஞ்சு மரங்களை நட்டவர் அவர். அவற்றை எடுத்த இடத்தில் சனாயே நானூறு தைலக் கன்றுகள் நட்டார். பன்னிரண்டு வகை.

கோவாலாக்கள் மூன்று வந்தன, இரண்டு பெண், ஓர் ஆண். விமான நிலையத்திலிருந்து பூங்கா வரை சாலையின் இரண்டு பக்கமும் ஜனம் நின்றது. ஊர்க் குழந்தைகளிடம் பெயர் கேட்டு, இளைய பெண்ணுக்கு 'வகாபா' என்று வைத்தார்கள். இளந்தளிர் என்று அர்த்தம். அந்தப் பெயர் வைத்த குழந்தைக்கு வகாபாவின் குணம் எப்படித் தெரிந்ததோ தெரியாது. தளிரைத் தவிர எதையும் அவள் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள்.

அவற்றைப் பார்த்துக்கொள்ள ஹிதாகா தொகுஜியைப் போட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் நீர்யானை வளர்த்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல். இவ்வளவு மென்மையான பிராணிக்கு இந்த ஆளா என்று பூங்கா முழுக்கச் சிரித்தது. ஆனால் இயக்குநருக்கு ஒரு விஷயம் தெரியும். நீர்யானை காலையில் ஒரு வாய் புல் குறைத்துத் தின்றால்கூட ஹிதாகா அதைச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவார்.

முதல் மாதமே சண்டை ஆரம்பித்தது. நான் கொண்டுபோகும் இலையில் பாதியை ஹிதாகா திருப்பி அனுப்புவார், கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'இலை சரியில்லை.' அடுத்த நாள், 'இன்றும் சரியில்லை.' மூன்றாம் நாள் வெறுமனே, 'இல்லை.' அதைப் படித்த சனாயேயின் முகம் சிவந்தது.

"அந்த ஆளு என்னை ஓட்டல்காரின்னு நெனச்சுட்டாரா? அடுத்த தடவை சீட்டை அந்த மிருகத்தையே எழுதித் தரச் சொல்லுங்க, உச்சிமுரா-சான்," என்றார் என்னிடம். சொல்லிவிட்டு, தோட்டத்து ரப்பர் பூட்ஸோடு என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஹிதாகா அவரை உள்ளே விட்டார். சண்டைக்கு வந்த சனாயே, வகாபாவைப் பார்த்ததும் சண்டையை மறந்து கிட்டே போனார். அதற்கு முன்பு அவர் கோவாலாவை நேரில் பார்த்ததே இல்லை. மூன்று வருஷம் இலை வளர்த்திருக்கிறார், தின்னும் வாயைப் பார்த்ததில்லை. வகாபா ஒரு கொத்தை முகர்ந்தாள், விட்டாள். அடுத்ததை முகர்ந்தாள், விட்டாள். பிறகு மரக்கவட்டில் சுருண்டு தூங்கிப்போனாள்.

"நாப்பது கிலோ புல்லைக் கொட்டிட்டு வீட்டுக்குப் போய்க் குளிச்சவன் நான்," என்றார் ஹிதாகா, குரலைத் தணித்து. "இவ ஒரு பிடி இலைக்கு என்னைத் தவம் கெடக்க வெக்கறா."

சனாயே மூன்று நாள் வந்தார். மசாவோ கட்டிக் கொடுத்த சோற்று உருண்டைகளையும் மீன் வடையையும் தின்றுகொண்டு, காலையிலிருந்து மாலைவரை கூண்டுக்குள் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் விஷயம் பிடிபட்டது. வகாபா வகை பார்க்கவில்லை, மரம் பார்த்தாள். ஒரே வகையில் ஒரு மரத்து இலையைத் தின்றாள், அதற்கு அடுத்து நிற்கும் மரத்து இலையைத் தள்ளினாள். மூக்குக்குத்தான் தெரியும் அந்த வித்தியாசம். அன்றிலிருந்து ஒவ்வொரு மரத்துக் கிளையும் தனித்தனிக் கட்டாக, எண் போட்ட சீட்டோடு வந்தது. எந்த எண்ணை வகாபா தின்றாள் என்று ஹிதாகா எனக்குச் சொல்லுவார், நான் சனாயேயிடம் சொல்லுவேன், அவர் அந்த மரத்தில் சிவப்புத் துணி கட்டுவார். குளிர்காலம் முடியும்போது நானூறில் முப்பத்தொரு மரத்துக்குச் சிவப்பு ஏறியிருந்தது. மலை சாம்பல் துப்பிய நாட்களில் இலையை ஓடைத் தண்ணீரில் மூன்று முறை அலசினார்கள். முதலில் மருமகளோடு பேசாமல் இருந்த மாமனார்தான் அலசும் தொட்டியைக் கட்டிக் கொடுத்தார். அவராகவே வந்து கட்டினார்.

இரண்டாவது வருஷம் ஜூன் மாதத்தில், ஒரு விடுமுறை நாளன்று, ஹிதாகா தோட்டத்துக்கு வந்தார். கையில் வள்ளிக்கிழங்குச் சாராயம் ஒரு பாட்டில். நான் அங்கே மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். வகாபாவின் வயிற்றுப் பை அசைகிறது என்றார். உள்ளே குட்டி இருக்கிறது. ஏப்ரலில் பிறந்திருக்க வேண்டும், பிறக்கும்போது ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும், கண் கிடையாது, மயிர் கிடையாது, தானாகவே தவழ்ந்து பைக்குள் போய்விடும் என்று ஏதோ தானே பெற்றது போல விவரித்தார். சனாயே வேலையை நிறுத்தவில்லை. கத்தரித்துக்கொண்டே சொன்னார்:

"அப்போ இனிமே ரெண்டு பேருக்கு இலை."

செப்டம்பர் முதல் வாரத்தில் வானொலியில் புயல் எச்சரிக்கை வந்தது. எங்களுக்குப் புயல் புதிதல்ல. ஆனால் தைல மரத்துக்கு எங்கள் ஊர்க் காற்று புதிது. அது மளமளவென்று உயரமாக வளரும், வேர் ஆழம் போகாது. காற்று உச்சந்தலையைப் பிடித்து ஆட்டினால் வேரோடு வந்துவிடும்.

சனாயே ஒரு முடிவு சொன்னார். சிவப்புத் துணி கட்டிய மரங்களை எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு வெட்டிவிடப் போகிறாராம். தலை இல்லாவிட்டால் காற்றுக்குப் பிடி இல்லை, வேர் தப்பும், மறுபடி துளிர்க்கும். வெட்டிய கிளைகளைக் குளிர் அறையில் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம் தாங்கும்.

ஹிதாகா கேட்டதும் என் வண்டியிலேயே ஏறி வந்துவிட்டார். அன்றைக்கு அவர்கள் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. புயல் திசை மாறிப் போய்விட்டால், நல்லா இருந்த மரத்தை நம் கையாலேயே மொட்டை அடித்தவர்கள் ஆவோம் என்பது அவர் கட்சி. துளிர் வர ஒன்றரை மாதம் ஆகும், வகாபாவின் குட்டி தலை நீட்டுகிற நேரம் அது, தாய்க்குப் பால் வற்றினால் எல்லாம் போயிற்று. சனாயே கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ரம்பத்தை எடுத்தார்.

"நீங்க மிருகத்தைப் பாத்து முடிவு பண்றீங்க, ஹிதாகா-சான். அது சரிதான். நான் மரத்தைப் பாத்து முடிவு பண்றேன். தப்பாப் போனா என் மேல பழி போடுங்க, நான் வாங்கிக்கறேன்."

முதல் மரம் சாய்ந்தது. ஹிதாகா சட்டையைக் கழற்றிக் கொம்பில் மாட்டிவிட்டு, இன்னொரு ரம்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் முப்பத்தொரு மரமும் மொட்டையாக நின்றன. நான் ஐந்து நடை இலை ஏற்றினேன்.

புயல் திசை மாறவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் கரை ஏறி, மாலைவரை எங்கள் ஊரை உலுக்கியது. மறுநாள் தோட்டத்துக்குப் போனபோது தலையோடு விடப்பட்ட முந்நூற்றுச் சொச்சம் மரங்களும் வேர் மேலே தெரியக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே மொட்டை மரங்கள், மூன்றைத் தவிர, அப்படியே நின்றன. சேற்றில் நனைந்த சிவப்புத் துணிகள் தெரிந்தன. மசாவோ ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். சனாயே எண்ணவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிர் அறை இலை எட்டு நாள் வந்தது. மற்ற நகரங்களின் மிருகக்காட்சிசாலைகள் பெட்டி பெட்டியாக ரயிலில் இலை அனுப்பின. மற்ற இரண்டு கோவாலாக்களும் அதைத் தின்றன. வகாபா முகர்ந்து முகர்ந்து விட்டாள். தினமும் அவளைத் தராசில் நிறுக்கும்போது ஹிதாகாவின் உதடு அசையும், எண்ணை வெளியே சொல்ல மாட்டார். பைக்குள் குட்டி வேறு வளர்ந்துகொண்டிருந்தது.

யோசனை சொன்னது சனாயேதான். கோவாலா வந்த வருஷம், திறப்பு விழாவுக்கு வந்த குடும்பங்களுக்குப் பூங்கா ஆளுக்கொரு தைலக் கன்று கொடுத்திருந்தது. பெரும்பாலானவை தொட்டியிலேயே காய்ந்திருக்கும். ஆனால் ஊருக்குள் சந்துகளில், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில், காற்றுப் படாத மூலையில் ஒன்றிரண்டு பிழைத்திருக்காதா? இயக்குநர் வானொலியில் ஓர் அறிவிப்புக் கொடுக்கச் சொன்னார். பூச்சி மருந்து அடிக்காத மரமாக இருந்தால் இரண்டு கிளை கொண்டு வாருங்கள் என்று.

நாங்கள் பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தோம். வாசல் திறக்கும்போது வரிசை பேருந்து நிறுத்தம் வரை நின்றது. தங்கள் வீட்டுக் கூரையே பறந்துபோனவர்கள், தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்திருந்தார்கள். கிளையை ஈரத் துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்தார்கள். ஒருவர் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்திருந்தார். சனாயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கிளையையும் கசக்கி முகர்ந்தார், வேறு மரத்தைத் தைல மரம் என்று கொண்டு வந்தவர்களைக் கடிந்துகொள்ளாமல் திருப்பி அனுப்பினார். யார் கிளை எது என்று நான் சீட்டு எழுதிக் கட்டினேன்.

வரிசையில் ஒரு மனிதர், கிளை எதுவும் இல்லாமல் வந்தவர், சத்தமாகக் கேட்டார். இவ்வளவு பாடு படுவதற்கு அதை அதன் ஊரிலேயே விட்டிருக்கலாமே, எதற்குக் கொண்டு வந்தீர்கள் என்று. கேள்வியில் நியாயம் இருந்தது. ஹிதாகா வாளியைக் கீழே வைத்தார்.

"கொண்டு வந்தது நாமதாங்க. அது வரேன்னு கேக்கலை. அதனாலதான் இவ்வளவு பாடு," என்றார். "நீங்களும் வந்துட்டீங்க, இந்த வாளியைக் கொஞ்சம் பிடிங்க."

அந்த மனிதர் மதியம் வரைக்கும் வாளி தூக்கினார்.

முதல் நாள் வகாபா ஊரார் இலையில் எதையும் தொடவில்லை. இரண்டாம் நாள் துறைமுகத் தெருவில் பொதுக் குளியல் கூடம் நடத்தும் அரிமுரா யோஷிகோ வந்தார். அறுபது வயது, கொதிகலன் அடுப்பை ஊதி ஊதிக் கரகரத்த தொண்டை. அவர் மரம் கொதிகலன் அறைச் சுவரை ஒட்டி வளர்ந்ததாம். இரவெல்லாம் சுவர் சூடாக இருப்பதால் எப்போதும் துளிர்த்துக்கொண்டே இருக்கும் என்றார். சனாயே தயங்கினார், புகைபோக்கிக் கரி இருக்குமே என்று.

"என் கடைக்கு வர்றவங்களையே அழுக்கோட நான் தொட்டியில இறங்க விட மாட்டேன். இலையை விடுவேனா? குளிக்கற வாளியிலே அஞ்சு தண்ணி ஊத்தியிருக்கேன்," என்றார் யோஷிகோ.

சனாயே முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். எழுந்து, தானே அந்தக் கட்டை உள்ளே கொண்டுபோனார்.

நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். வகாபா இறங்கி வந்தாள். மூக்கைக் கொண்டுபோய் வைத்தாள், எடுத்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கையை நீட்டிக் கிளையை இழுத்து, நுனித் தளிரைக் கடித்தாள். இன்னொன்று. பிறகு அவசரமாக, இரண்டு கையாலும். யோஷிகோ "அப்படியா" என்று மட்டும் சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹிதாகா கண்ணாடியில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஒரு மரமும், அதற்குப் பிறகு கண்டுபிடித்த பள்ளிக்கூட முற்றத்து மரமும், பல் மருத்துவர் வீட்டுப் பின்கட்டு மரமும் ஐந்து வாரம் வகாபாவைக் காப்பாற்றின. என் வண்டி தோட்டத்துக்குப் போகாமல் ஊர்ச் சந்துகளில் சுற்றியது. குளியல் கூடத்தின் வாசலில் யோஷிகோ ஒரு பலகை தொங்கவிட்டார். 'வகாபா சாப்பிடுவது எங்கள் வீட்டு இலை.' பல் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று எழுதி மாட்டினார். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலும் மாட்டினார்கள். யார் மரத்தில் இருந்து எத்தனை கிளை என்பது அந்த இலையுதிர் காலம் முழுவதும் ஊர்ச் சண்டையாக இருந்தது. சாம்பல் விழுந்த அன்று குடையோடு வந்து தன் மரத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றார் யோஷிகோ. நான் பார்த்தேன்.

அக்டோபர் பத்தாம் தேதி வகாபாவின் பையில் இருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. பிறகு ஒரு காது. தாயின் உடம்பிலிருந்து வரும் மெல்லிய கூழைத் தின்ன ஆரம்பித்தால்தான் குட்டிக்கு இலை செரிக்கும் வயிறு அமையும். அதைத் தின்னுவதைப் பார்க்க ஹிதாகா நாலு நாள் வீட்டுக்குப் போகவில்லை. அதே வாரத்தில் சனாயேயின் மொட்டை மரங்களில் துளிர் விரல் நீளம் வளர்ந்திருந்தது. அவர் முதல் கட்டைத் தானே வெட்டி என் வண்டியில் வைத்தார். நல்ல மெல்லிய சிவப்பில், கண்ணாடி மாதிரி இருந்தன இலைகள். அன்று ஹிதாகா சீட்டு ஒன்றும் அனுப்பவில்லை. காலிப் பெட்டிகளை அனுப்பினார். அதுதான் பதில்.

அடுத்த மே மாதம் ஆஸ்திரேலியாவில் இருந்து ஒரு பெண் மருத்துவர் பரிசோதனைக்கு வந்தார். உயரமானவர், வெயிலில் சிவந்த கழுத்து. கோவாலாக்களை அனுப்பிய பூங்காவின் ஆள். ஒரு நாள் முழுக்க எடைத் தாள்களைப் புரட்டினார், குட்டியைக் கையில் எடுத்துப் பல்லைப் பார்த்தார், பிட்டத்தைத் தட்டினார். இயக்குநரும் நகரசபை ஆட்களும் கோட்டு போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கடைசியில் மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் சொன்னது, இதே வயதில் எங்கள் பூங்காவில் இருக்கும் குட்டிகளைவிட இது கனமாக இருக்கிறது என்பது. அடுத்து, இலை வளர்ப்பவர் யார் என்று கேட்டார்.

கோட்டு போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சனாயேயை யாரும் அழைத்திருக்கவில்லை. ஹிதாகா என்னைப் பார்த்தார். நான் வண்டியை எடுத்தேன். நாற்பது நிமிஷத்தில் ரப்பர் பூட்ஸோடும் தலைத் துண்டோடும் சனாயே வந்து நின்றார். மருத்துவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கத்தரி பிடித்துத் தடித்த அந்தக் கையைத் திருப்பி ஒரு முறை பார்த்தார். பிறகு இருவரும், நடுவில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் மரத்தைப் பற்றியே பேசினார்கள். நெஞ்சு உயரத்தில் வெட்டியதையும் எண் போட்ட கட்டுகளையும் மருத்துவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். கோட்டு போட்டவர்களுக்குக் கால் வலித்தது. யாரும் உட்காரவில்லை.

அன்று மாலை அவர்கள் எல்லோரும் போன பிறகு ஹிதாகா சனாயேயைக் கூப்பிட்டுக் கூண்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே ஒவ்வொரு கோவாலாவுக்கும் ஒரு பெயர்ப் பலகை உண்டு. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர். மூன்று பலகைகளிலும் எங்களுக்கு வாயில் நுழையாத ஆஸ்திரேலிய ஊர்ப் பெயர் இருந்தது. பக்கத்தில் புதிதாக நாலாவது பலகை, பெயின்ட் வாசனை போகாமல். முறைப்படி எழுதித் தருகிறேன் என்று அலுவலகம் சொன்னதைக் கேட்காமல் ஹிதாகா தானே எழுதியது. குட்டியின் பெயருக்குக் கீழே, 'பிறந்த ஊர்: இதே ஊர்.'

சனாயே தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அதை வாசித்தார். ரொம்ப நேரம் வாசித்தார், அந்த வரியில் நாலு சொல்தான் இருந்தாலும்.

"எழுத்து கோணலா இருக்கு," என்றார்.

"நீர்யானைக்காரன் எழுத்து, அப்படித்தான் இருக்கும்," என்றார் ஹிதாகா.

சனாயே சிரித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குட்டி தாயின் முதுகில் தொற்றிக்கொண்டு, தலையை மட்டும் எட்டி, வகாபாவின் கையில் இருந்த தளிரைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. சனாயேயை வீட்டில் விடக் கூண்டருகே கிளப்பி வைத்திருந்த வண்டியின் என்ஜினை நான் அணைத்துவிட்டு இறங்கி வந்து அவர்களோடு நின்றேன்.